ஒரு படுக்கைக்காகச் சொன்ன சாட்சி

குடிகாரக் கணவனையோ மகனையோ நம் மறுவாழ்வு இல்லத்துக்குக் கூட்டி வருகிறவர்கள், ஆள் குணமாவானா என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்பார்கள். இதற்கு விதிவிலக்காக ஒரு குடும்பத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவர்களைத் தப்பாக நினைக்காதீர்கள். குணமாவதைப் பற்றி எல்லாக் கோயிலிலும் கேட்டு ஓய்ந்துபோய்த்தான் நம்மிடம் வருகிறார்கள். காசைப் பற்றி மட்டும்தான் உங்களால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் உட்கார்ந்திருந்த அந்தச் சேர்க்கை மேசையில் இனி நீங்கள் உட்காரப் போகிறீர்கள். அன்றாட வேலைகளை அலுவலகத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு மனிதரைப் பற்றி. அவர் பெயர் சந்திரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திரன் கேரி தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர். பிறகு கிள்ளான் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினார். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தில் அந்த வேலை போயிற்று. மனைவி வசந்தி மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். ஒரே மகள் கவிதா, பதினாறு வயது, படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தாள்.

வசந்தியும் அவருடைய அண்ணனும் சந்திரனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார வைத்தார்கள். எவ்வளவு ஆகும் என்று வசந்தி கேட்டார். சந்திரனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நடுங்கிய நடுக்கத்தில் நாற்காலியின் கைப்பிடியும் சேர்ந்து ஆடியது. சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று சொல்லி உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரில் எதுவும் இல்லை. கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டேன். முந்தாநாள் காலை என்றார்கள். கையில் காசில்லாததால் அதற்குப் பிறகு குடிக்கவில்லையாம்.

இல்லத்தை நடத்தும் பாஸ்டர் அப்போது கூடத்துக்கு வந்தார். அவரே ஒரு காலத்தில் போதை ஊசி போட்டுக்கொண்டு சௌக்கிட் சந்துகளில் படுத்துக் கிடந்தவர். ஜெபத்தாலும் பச்சைத் தண்ணீராலும் தன்னைப் போலப் பலர் மீண்டு வந்ததைக் கண்ணால் பார்த்தவர். அதனால் சந்திரனை நேராக ஜெப அறைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். நான் முடியாது என்றேன். இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒரு கிளினிக்கில் தாதியாக இருந்தவள் நான். போதை ஊசிக்காரர் திடீரென்று நிறுத்தினால் செத்துவிடலாம் என்று தோன்றுமளவுக்கு வலிக்கும். பழுத்த குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் உண்மையிலேயே செத்துவிடலாம்.

வசந்தி நான் சொன்னதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். கையில் காசில்லாதவர்களை நாங்கள் நாசூக்காகத் திருப்பி அனுப்புகிறோம் என்று நினைத்துவிட்டார். "நீங்களும் வேணாம்னு சொல்லிட்டா நான் எங்க ஆன்டி போறது?" என்றார். சத்தம் போடவில்லை. களைத்துப் போய்க் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து உடம்பு தேறியதும் இங்கேதான் வரப்போகிறார், நானும் கூட வருகிறேன் என்று சொன்னேன். பாஸ்டர் என்னைப் பார்த்தார், சந்திரனைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார். "நான் வண்டி ஓட்டுறேன் அக்கா. ஜெபத்த வண்டியில பண்ணிக்கலாம்" என்றார்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பதிந்துகொண்டிருக்கும்போதே சந்திரனுக்கு வலிப்பு வந்தது. வீட்டில் வந்திருந்தால் முடிந்திருக்கும் என்று அங்கிருந்த இளம் டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து யார் வந்தாலும், மதம், ஊர், காசு எதையும் கேட்பதற்கு முன்னால் கடைசியாக எப்போது குடித்தார் என்பதைத்தான் பாஸ்டர் கேட்பார். அரசு மருத்துவமனையில் நம் நாட்டுக்காரருக்குக் கட்டணம் மிகவும் குறைவு. அதுவும் இல்லாதவர்களுக்கு அங்கேயே சமூகநலப் பிரிவு இருக்கிறது. இது தெரியாமல் தனியார் இடங்களில் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம்மிடம் வருகிற குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. தொலைபேசியில் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

சந்திரன் வார்டில் படுத்திருக்கும்போது ஆஸ்பத்திரி சிற்றுண்டிச் சாலையில் வசந்தியோடு உட்கார்ந்து பேசினேன். இல்லத்தில் ஒரு வருடம் தங்கும் செலவை எப்படிக் கட்டுவது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். தாலியை அடகுக் கடையில் வைக்கலாம். ஈபிஎஃப் சேமநிதியில் எடுக்க முடிந்ததை எடுக்கலாம். மிச்சத்துக்குத் தொழிற்சாலை வாசலில் வட்டிக்குக் கொடுக்கும் ஆ லோங் ஒருவன் இருக்கிறான். எதையும் ஒளிக்காமல் வரிசையாகச் சொன்னார். நான் மூன்றையும் வேண்டாம் என்றேன். வட்டிக் காசில் குணமானவர் வீட்டுக்குத் திரும்பும்போது, கடன் கட்டாதவர் கதவுக்குச் சிவப்புச் சாயம் அடிக்கிறவன் அவருக்கு முன்னால் போய் நிற்பான். அப்படி ஒருவரை நான் பார்த்திருந்தேன். அவர் முழுதாக ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

மாதாமாதம் சம்பளத்தில் பிள்ளையின் வயிற்றில் அடிக்காமல் எவ்வளவு முடியும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை சிறியதுதான். அதை ஒத்துக்கொண்டேன். மீதியைக் கொடுக்கச் சபைகளில் ஆள் பிடிப்பது என் வேலை. குடும்பம் எதுவுமே கொடுக்காவிட்டால் ஆளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு மறந்துவிடும். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அவர் திரும்பி வரும்போது வீட்டில் கோபம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

எழுந்திருக்கும்போது வசந்தி இன்னொன்றும் கேட்டார். "அவர மதம் மாத்திடுவீங்களா ஆன்டி?" காலையிலும் மாலையிலும் ஜெபம் உண்டு, அவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், ஆனால் இல்லத்தில் இருக்கும் வரை யாருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, வெளியே போன பிறகு அவர் விருப்பம் என்றேன். வசந்தி யோசித்துவிட்டு, உட்கார்ந்தால் பரவாயில்லை, எங்கேயாவது ஒரு சாமிக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும் என்றார்.

சந்திரனின் படுக்கைக்கு பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு சபை உதவ முன்வந்தது. அந்தச் சபையின் மூப்பர் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். நம் இல்லத்துக்காகப் பல இடங்களில் போய்க் கையேந்தியவர். அவரைப் பற்றி நான் சொல்லப் போவதைக் கேட்டு அவரைக் கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் இல்லாவிட்டால் இந்த இல்லம் எப்போதோ மூடியிருக்கும்.

சந்திரன் தேறினார். ஆரம்பத்தில் ஜெபத்தில் தூங்கினார். பிறகு பாட்டுகளைப் பிடித்துக்கொண்டார், நல்ல குரல். இல்லத்தின் வேலைத் தோட்டத்தில் மற்றவர்கள் விட்டுவிட்டு வந்த மண்வெட்டிகளைக் கழுவி அடுக்கி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரத்தில் கவிதா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக் கணக்குப் போடுவாள். அப்பாவும் மகளும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவள் வாராவாரம் வந்தாள்.

அந்த வருடத்தின் நடுவில் நம் இல்லத்துக்கு நெருக்கடி வந்தது. மூன்று படுக்கைகளின் செலவை ஏற்றிருந்த குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபோய்விட்டது. அடுத்த மாதமே பிரிக்பீல்ட்ஸ் சபையின் வருடாந்திர நன்றி விருந்து. நண்பகல் சாப்பாடு, மேசை மேசையாகக் குடும்பங்கள், நடுவில் ஒருவர் எழுந்து சாட்சி சொல்வார். குடியிலிருந்து எப்படி மீண்டேன் என்று சபையின் முன்னால் தன் வாழ்க்கையைத் திறந்து காட்டுவதைத்தான் சாட்சி என்கிறோம். சாட்சி மனதைத் தொட்டால் அந்த இடத்திலேயே படுக்கைகளின் செலவை ஏற்க ஆள் கிடைத்துவிடும். மூப்பர் சந்திரனைக் கேட்டார்.

ஒரு வருடம் முடிக்காத யாரும் மேடையேறக் கூடாது என்று இல்லத்தில் விதி இருந்தது. அதைக் கொண்டுவந்தவரே பாஸ்டர்தான். அவர் மீண்டு வந்த புதிதில் அவரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பேச வைத்து, அவர் திரும்ப விழுந்து எழுந்த அனுபவத்தில் வந்த விதி. இப்போது அதை மீறலாமா என்று அவரே என்னிடம் வந்து கேட்டார்.

கூடாது என்றேன். ஆறிவரும் புண்ணை நானூறு பேருக்கு முன்னால் பிரித்துக் காட்டச் சொல்கிறீர்கள் என்றேன். பாஸ்டர் வாதாடவில்லை.

"நீங்க சொல்றது சரிதான் அக்கா. அப்ப மூணு பேர வெளிய அனுப்பணும். யார அனுப்பட்டும்? பேர் சொல்லுங்க."

ஜன்னல் வழியாக வேலைத் தோட்டம் தெரிந்தது. வெயிலில் ஆட்கள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் சந்திரனையே கூப்பிட்டுக் கேட்டோம். மறுக்க முழு உரிமை உண்டு, மறுத்தால் உங்கள் படுக்கைக்கு எந்தப் பாதிப்பும் வராது என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"என் பொண்டாட்டி மெஷின் முன்னால நின்னு நின்னு கட்டுறா. மிச்சத்த யாரோ முகம் தெரியாதவங்க கட்டுறாங்க. நான் இன்னும் ஒன்னுமே கொடுக்கல ஆன்டி. பேசவாவது செய்றேனே."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நானும் பாஸ்டரும் ஒத்துக்கொண்டோம். பெயர் சொல்லக் கூடாது, யாரும் படம் எடுக்கக் கூடாது, வசந்தியையும் கவிதாவையும் மேடைக்குக் கூப்பிடக் கூடாது என்று மூன்று நிபந்தனை வைத்தேன். மூப்பர் மூன்றையும் மனதார ஒத்துக்கொண்டார்.

விருந்தன்று சந்திரன் பாஸ்டரின் பூப்போட்ட பாத்தேக் சட்டையை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். அவர் பேச ஆரம்பித்தபோது பாதிக் கூட்டம் பிரியாணியில் இருந்தது. தடுமாறினார். தோட்டத்தைப் பற்றி, துறைமுகத்தைப் பற்றி, முதல் குடியைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு நிறுத்தினார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாள் என் மகளுக்குக் காய்ச்சல். மத்தியானம் படுத்திருந்துச்சு. காதுல இருந்த தங்கத் தோட்டக் கழட்டிக்கிட்டுப் போய் வித்துக் குடிச்சேன். அவ முழிக்கல. முழிக்கலன்னு நான் சந்தோஷப்பட்டேன்."

கரண்டிச் சத்தம் நின்றது. அவர் அழாமல் நின்றார். மூப்பர் மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்து சந்திரனைக் கட்டிக்கொண்டார். அவர் முகமெல்லாம் கண்ணீர். அந்த வேகத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்றுதான் இன்றைக்கும் நான் நம்புகிறேன். மைக்கை வாங்கி, அந்தத் தாயும் மகளும் இங்கேதான் இருக்கிறார்கள், வாங்கம்மா என்று கூப்பிட்டார்.

நான் கடைசி மேசையில் இருந்தேன். எழுந்து நாற்காலிகளை விலக்கிக்கொண்டு போவதற்குள் பக்கத்து மேசைப் பெண்கள் அவர்கள் இருவரையும் கைப்பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நாலா பக்கமும் போன்கள் உயர்ந்தன. கவிதா அம்மாவின் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைக்கப் பார்த்தாள். யாரோ அவளை மெதுவாக முன்னால் இழுத்துவிட்டார்கள்.

அன்று மூன்று படுக்கைகளுக்கும் ஆள் கிடைத்தது. அதற்கு மேலும் கிடைத்தது. யாரையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

அந்த வாரமே வீடியோ கிள்ளான் முழுக்கச் சுற்றியது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் கவிதாவைப் பார்த்தால் தங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்குப் பெயரே 'தோடு' என்று ஆகிவிட்டது. அவள் பள்ளிக்குப் போக மறுப்பதாக வசந்தி போன் செய்தார். நான் மேருவுக்குப் போனேன். வசந்தி வேலைக்குப் போயிருந்தார். கவிதா கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். அப்பா மேல் கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"நான் தூங்கல ஆன்டி. முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். நான் பாத்தேன்னு தெரிஞ்சா அப்பாவுக்கு அசிங்கமா இருக்கும்னு கண்ண மூடிக்கிட்டேன். அம்மாகிட்டகூட தோடு தொலஞ்சி போச்சின்னுதான் சொன்னேன். இப்ப அப்பாவே எல்லாருக்கும் சொல்லிட்டாரு."

அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நான் சொல்லவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோவதில்லை என்பது நம் வேலையின் முதல் ஒழுங்கு. ஆனால் சந்திரன் அதைத் தெரிந்துகொண்டிருந்தால் அவருக்கு அது மருந்தாகியிருக்குமா விஷமாகியிருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வசந்தி மட்டும் வந்தார். சந்திரன் வாசலைப் பார்த்துக்கொண்டே மனைவியோடு பேசுவார்.

மூப்பரிடம் வீடியோவைப் பற்றிச் சொன்னபோது அவர் அதிர்ந்துபோனார். சபையின் பக்கத்திலிருந்து உடனே எடுக்கச் செய்தார். போன் போனாகப் போய்ச் சேர்ந்ததை யாரால் எடுக்க முடியும்?

சந்திரன் வருடத்தை முடித்து வெளியே போனார். துறைமுகத்தில் பழைய வேலை கிடைத்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அவரே சம்மதித்ததால், சபையின் கூடத்திலும் நம் இல்லத்தின் வாசலிலும் அவர் படம் போட்ட பதாகை தொங்கியது. சபைகள் அவரைப் பேசக் கூப்பிட்டன. காஜாங்கில் ஒரு கூட்டத்தில் நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். முதல் தடவை தடுமாறிய அதே இடத்தில் இப்போது திட்டமிட்டு நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தோட்டைக் கழற்றியதைச் சொன்னார். கூட்டம் முடியும்வரை காத்திருந்தேன். வெளியே வந்து, கொஞ்ச நாள் பேசாமல் இருங்கள் சந்திரன் என்றேன். சிரித்தார். கேட்கிறார்கள் ஆன்டி, எப்படி மாட்டேன் என்பது என்றார். பாஸ்டர் நம் பக்கத்திலிருந்து அவரை அனுப்புவதை நிறுத்தினார். ஆனால் மற்றவர்கள் அவரை நேராகவே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பிறகு சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் வருவது நின்றது. இல்லத்தை விட்டுப் போனவர்கள் கூடிப் பேசும் கூட்டம் அது. போன் செய்தால் ஓவர்டைம் என்பார். வசந்தியும் ஓவர்டைம் என்றுதான் சொன்னார். சந்திரன் திரும்பக் குடிப்பது வசந்திக்குத் தெரியும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இல்லத்துக்கு மட்டும் சொல்லிவிடாதே என்று சந்திரன் அவரிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருக்கிறார். குடித்ததைவிட அது நமக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்திருக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, ஷிப்டுக்கு வசதி என்று சொல்லி அங்கேயே தங்க ஆரம்பித்தார்.

ஒரு காலையில் வசந்தி போன் செய்தார். "அவரு போயிட்டாரு ஆன்டி" என்று மட்டும் சொன்னார்.

அறையின் சொந்தக்காரர் சொன்னதை வைத்துத்தான் நடந்தது தெரிந்தது. சந்திரன் தண்ணீர்ப் போத்தல்களும் பிஸ்கட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, காய்ச்சல், இரண்டு மூன்று நாள் யாரும் கதவைத் தட்ட வேண்டாம், அதற்குப் பிறகு நான் வீட்டுக்கு நல்லபடியாகப் போய்விடுவேன் என்று சொல்லியிருக்கிறார். அறையில் சாராயப் போத்தல் ஒன்றும் இல்லை. தனியாக அறைக்குள் குடியை நிறுத்தப் பார்த்திருக்கிறார். வலிப்பு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி அறிக்கையும் அதைத்தான் சொன்னது.

இல்லத்துக்கு எதிரில் உள்ள மாமாக் கடை என்கிற முஸ்லிம் டீக்கடையில் பாஸ்டர் அன்று சும்மா போய் உட்கார்ந்தார். நானும் போனேன். கடைக்காரர் பாய் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பதாகையில் இருக்கிறாரே அவரா என்று கேட்டார். ஆமாம் என்றோம். பாய் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"போன மாசம் நாலஞ்சு தடவ வந்தாரு. இந்த ஓர மேசையில உக்காந்து டீ குடிச்சிட்டு உங்க கேட்டையே பாப்பாரு. உள்ள போங்கண்ணே, நம்ம இடம்தானேன்னு சொன்னேன். 'அங்க என் படம் தொங்குது பாய். அதுக்குக் கீழ எப்புடி நான் நடந்து போறது'ன்னாரு. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். தப்பா எடுத்துக்குவாரோன்னு விட்டுட்டேன்."

பாஸ்டர் எழுந்து சாலையைக் கடந்தார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. வாசலில் தொங்கிய பதாகையின் கயிறுகளைப் பல்லால் கடித்தே அவிழ்த்தார். அதைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

இறுதிச் சடங்கை வசந்தி தங்கள் முறைப்படியே செய்தார். பாஸ்டர் வேட்டி கட்டி வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மூப்பர் காலையிலிருந்து பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் வசந்தியின் அண்ணன் வெளியே போகச் சொல்லக் கிளம்பினார். கவிதா அவர் கையைப் பிடித்து, வேண்டாம் மாமா, இருக்கட்டும் என்றாள். எடுக்கும் வரை மூப்பர் இருந்தார்.

அடுத்த வருட விருந்து நெருங்கியபோது செயற்குழு கூடியது. சாட்சி இல்லாமல் ஜனங்கள் கொடுக்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அது பொய்யில்லை. இந்தத் தடவை நான் பேசுகிறேன், எந்த ஆளையும் காட்டாமல், ஒரு படுக்கை என்றால் என்ன, அதில் ஒருவர் படுக்கும்போது அவர் வீட்டில் என்ன மாறுகிறது என்று மட்டும் சொல்கிறேன் என்றேன். மூப்பர்தான் முதலில் கையைத் தூக்கி ஆதரித்தார்.

பேசினேன். மரியாதையாகக் கேட்டார்கள். கரண்டிச் சத்தம் கடைசிவரை நிற்கவில்லை. வந்தது முன்னதைவிட மிகவும் குறைவு. இரண்டு படுக்கைகளை மூட வேண்டியதாயிற்று. ஒருவருக்கு வேறொரு இல்லத்தில் இடம் கேட்டு வாங்கினேன். இன்னொருவரை அவருடைய அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனார். மகனுக்கு அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க நாள் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தடவை போனாராம். அதன் பிறகு அந்த அம்மா போனை எடுக்கவில்லை. சந்திரனை வைத்து மூன்று பேரைக் காப்பாற்றினோம், சந்திரனுக்காக இரண்டு பேரை விட்டோம் என்று உங்களில் யாராவது சொன்னால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் மறுபடியும் என்னைக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். கட்டணம் கட்ட வழியில்லாத ஒருவரிடம் நாம் கேட்கக் கூடாத ஒன்று உண்டு. அது அவர் மகளின் காதில் இருந்தது; அந்தக் கதையும் அவளுடையதுதான். அதை எடுத்துக் கொடுக்க அவருக்கே உரிமை இல்லை என்பதை அவருக்குச் சொல்லும் தைரியம் உங்களுக்கு இருக்க வேண்டும்.

இன்னொரு மாற்றமும் வந்தது. வருடம் முடித்துப் போகிற ஒவ்வொருவரையும் பாஸ்டர் கேட் வரை கூட்டிக்கொண்டு போய் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். "திரும்பக் குடிச்சா, குடிச்ச வாயோட வா. குளிச்சிட்டு வராத. நிறுத்திட்டு வராத." இதைக் கேட்டு ஆதரவாளர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். குடிப்பதற்கு நாமே அனுமதி கொடுப்பது போல இருக்கிறது என்றார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஞாயிறு காலை ஆராதனை. நன்கொடை தரலாமா என்று பார்ப்பதற்காக இரண்டு குடும்பங்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன. பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவில் இருந்தார். பழைய ஆள் ஒருவர், போன வருடம் முடித்துப் போனவர், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்க முடியவில்லை. சட்டையில் வாந்தி. கூடத்துக்குள் வரைக்கும் நாற்றம் வந்தது. வந்திருந்த அம்மா ஒருவர் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பாஸ்டர் வேதாகமத்தை மூடிவிட்டு இறங்கி நடந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"குடிச்சிருக்கேன் பாஸ்டர்" என்றார் அந்த ஆள்.

"தெரியுது. கடைசியா எப்ப?"

"இப்பதான். பஸ் ஸ்டாண்டுல."

"நல்லது. வா." அவர் கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குக் கூட்டிப் போனார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று அதற்குப் பிறகு வரவில்லை. மற்றது இன்னமும் அனுப்புகிறது. அந்த ஆள் பிழைத்தாரா என்று கேட்பீர்கள். அந்தத் தடவை பிழைத்தார்.